3 கேபி புரோகிராம் ஒண்ணு போட்டா மல்டிடாஸ்கிங் வேகமாகுமா? டைம் ஸ்லைஸ் விஷயம் புரியல

பழையபெட்டி:
வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா தூசி படிஞ்சு கிடந்த 486 மெஷின் ஒண்ண திரும்ப எழுப்பியிருக்கேன். 8 எம்பி ராம், டாஸ் 6.22, விண்டோஸ் 3.1 என்ஹான்ஸ்டு மோட். இதுல எனக்கு ரொம்ப வேண்டியது ஒரு பழைய டாஸ் கணக்கு புரோகிராம், அத டாஸ் பாக்ஸ்ல (விண்டோஸுக்குள்ள டாஸ் புரோகிராம் ஓடற இடம்) திறந்து மெனுல அப்படியே விட்டுட்டு விண்டோஸ் பக்கம் வந்தா எல்லாமே இழுத்துக்கிட்டு போகுது. வாட்ச் வச்சு பாத்தேன். ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு பெரிய ரீகால்குலேஷன், டாஸ் புரோகிராம் இல்லாதப்ப 40 செகண்ட், அது பின்னாடி இருக்கும்போது சரியா 1 நிமிஷம். அது சும்மாதான் நிக்குது, ஒரு வேலையும் செய்யல, அப்புறம் ஏன் 20 செகண்ட் போகுது? இதுக்கு அந்தக் காலத்துல குட்டி டிஎஸ்ஆர் புரோகிராம் (மெமரிலயே தங்கி பின்னாடி வேலை செய்யறது) இருந்துச்சுன்னும் அத போட்டா எல்லாம் வேகமாயிடும்னும் கேள்விப்பட்டேன். சிபியு அதேதான், கிளாக் அதேதான், 3 கேபி சாஃப்ட்வேர் எப்படி வேகம் குடுக்கும்? நம்பலாமா?

ஹெக்ஸ்டம்ப்:
நம்பலாம். "சும்மா நிக்குது"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. அது நிக்கல, முழு மூச்சா ஓடிக்கிட்டிருக்கு. மெனு காட்டிட்டு அது செய்யறது என்னன்னா, மெஷினோட அடிப்படை புரோகிராமான பயாஸ்கிட்ட "கீ ஏதாவது வந்துச்சா"னு கேக்கும், அதுக்கான அழைப்பு இன்டரப்ட் 16 (ஐஎன்டி 16), ஏஎச்ங்கற சிபியு ரெஜிஸ்டர்ல 01. இல்லனு பதில் வரும், உடனே திரும்ப கேக்கும், திரும்ப இல்லனு வரும், ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை இதேதான். ஏஎச்-ல 00 வச்சு கூப்பிட்டா கீ வர்ற வரைக்கும் பயாஸே காத்துக்கிட்டிருக்கும், ஆனா அப்படி கூப்பிட்டா ஸ்கிரீன் மூலையில இருக்கற கடிகாரம் ஓடாது, அதனால பலரும் 01 தான் போட்டாங்க. இத மோசமான கோடுனு சொல்ல எனக்கு மனசு வராது. டாஸ்ல ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான், மெஷின் முழுக்க அதுக்கு சொந்தம், நேரத்த யாருக்கு மிச்சம் பிடிக்கணும்?

இப்ப அதே புரோகிராம விண்டோஸ் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள்ள (விஎம்) வச்சு ஓட்டுது. விண்டோஸ் அப்ளிகேஷன் எல்லாம் சேர்ந்து ஒரு விஎம், ஒவ்வொரு டாஸ் பாக்ஸும் தனித்தனி விஎம். சிபியு நேரத்த துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு விஎம்முக்கும் குடுக்கறதுதான் டைம் ஸ்லைஸ். விண்டோஸ் முன்னாடி இருந்தா அதுக்கு 100 பங்கு, பின்னாடி இருக்கற டாஸ் பாக்ஸுக்கு 50, மாத்தலன்னா இதுதான் கணக்கு. மொத்தம் 150-ல 50, அதாவது மூணுல ஒரு பங்கு சிபியு உங்க மெனு புரோகிராமுக்கு போகுது, கீ வந்துச்சா வந்துச்சானு கேக்கறதுக்காக மட்டும். 40 செகண்ட் வேலைக்கு மூணுல ரெண்டு பங்கு சிபியுதான் கிடைக்குதுன்னா எவ்வளவு ஆகும்? 60 செகண்ட். நீங்க வாட்ச்ல பாத்தது அதேதான்!

அந்த குட்டி புரோகிராம் சிபியுவ வேகமாக்கல, வீணாப் போறத தடுக்குது, அவ்வளவுதான். அது மெமரில உக்காந்து ஐஎன்டி 16-அ தன் பக்கம் திருப்பிக்கும். மெஷின் கிளாக் செகண்டுக்கு 18.2 தடவை டிக் அடிக்கும், ஒரு டிக் சுமாரா 55 மில்லிசெகண்ட். அந்த ஒரு டிக்குக்குள்ள எத்தன தடவை "கீ வந்துச்சா, இல்ல" நடந்துச்சுனு எண்ணும். ஒரு அளவ தாண்டிடுச்சுன்னா இவன் சும்மா இருக்கான்னு முடிவு பண்ணி ஐஎன்டி 2எஃப், ஏஎக்ஸ்-ல 1680 வச்சு கூப்பிடும். "என் பங்கு நேரம் எனக்கு வேணாம், அடுத்தவனுக்கு குடு"னு விண்டோஸ்கிட்ட சொல்றது அதுதான். ஓஎஸ்/2ங்கற ஆபரேட்டிங் சிஸ்டமும் இத கேட்டுக்கும். டெஸ்க்வியூல (டாஸ் மேல பல புரோகிராம ஒண்ணா ஓட்டற சாஃப்ட்வேர்) ஓட்டினா ஐஎன்டி 15, ஏஎக்ஸ்-ல 1000.

டெஸ்க்வியூ ஓடுதானு கண்டுபிடிக்கற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாஸ்ல தேதி மாத்தற ஃபங்ஷன கூப்பிட்டு வருஷம் இருக்க வேண்டிய இடத்துல ஹெக்ஸ் 4445, மாசமும் நாளும் இருக்க வேண்டிய இடத்துல 5351 குடுக்கணும். அப்படி ஒரு தேதியே கிடையாது, அதனால வெறும் டாஸ் தப்புனு சொல்லிடும். டெஸ்க்வியூ இருந்தா, ஆஸ்கில படிச்சா அந்த நாலு பைட்டும் அதோட பேரோட முதல் நாலு எழுத்து, அத பாத்து தன் வெர்ஷன் நம்பர சொல்லும்.

மெமரிமேப்:
டிஎஸ்ஆர் போடறதுக்கு முன்னாடி, டாஸ் புரோகிராம் விண்டோஸ்ல எப்படி ஓடணும்னு செட் பண்ற பிஃப் எடிட்டர ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. அந்த புரோகிராம் பின்னாடி ஓட வேண்டிய அவசியமே இல்லன்னா பேக்ரவுண்ட் டிக் மார்க்க எடுத்துடுங்க, அப்படியே உறைஞ்சு நிக்கும், முழு சிபியுவும் உங்களுக்கு. ஓடியே ஆகணும்னா அட்வான்ஸ்டு பக்கத்துல டிடெக்ட் ஐடில் டைம் ஆன்ல இருக்கானு பாருங்க, இதே வேலைய விண்டோஸே செய்யப் பாக்கும். பேக்ரவுண்ட் பிரையாரிட்டி 50-அ 10 ஆக்கியும் பாக்கலாம், ஆனா அப்ப நிஜமா வேலை செய்யும்போதும் அதுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

பழையபெட்டி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அந்த 60 செகண்ட் கணக்க பாத்து அசந்துட்டேன். பேக்ரவுண்ட எடுக்க முடியாதுங்க, அது நடுநடுவுல ஒரு ஃபோல்டர்ல வர்ற ஃபைல இழுத்து சேத்துக்கிட்டே இருக்கும். டிடெக்ட் ஐடில் ஏற்கனவே ஆன்லதான் இருக்கு, இருந்தும் 1 நிமிஷம். 10 ஆக்கினா ஸ்ப்ரெட்ஷீட் பறக்குது, ஆனா ஃபைல் சேக்கறது ஊருது.

ஹெக்ஸ்டம்ப்:
அப்ப அந்த மெனு லூப்ல வேற ஏதோ கலந்திருக்கு. என் சந்தேகம் கடிகாரம் மேலதான், கீ இருக்கானு கேட்டுட்டு உடனே டாஸ்கிட்ட மணி கேக்கும், ஐஎன்டி 21, ஏஎச்-ல 2சி, திரும்ப கீ, திரும்ப மணி. வெளியில இருந்து பாக்கறவனுக்கு இது ஏதோ வேலை செய்யற மாதிரி தெரிய வாய்ப்பு இருக்கு. ஊகிக்கறத விட எண்ணிப் பாத்துடலாம். ஐஎன்டி 16-க்கும் 21-க்கும் ஒரு கவுண்டர் போட்டு ஸ்கிரீன் மேல் மூலையில காட்டற மாதிரி சின்ன டிஎஸ்ஆர் எழுதுங்க, அசெம்ப்ளி தெரிஞ்சா ஒரு சாயங்கால வேலை. ஐஎன்டி 16-ல ஒண்ணுமே வரலன்னா அது பயாஸையே கேக்காம 40 செக்மென்ட்ல இருக்கற கீபோர்டு பஃபரோட (அழுத்தின கீ காத்திருக்கற இடம்) ஹெட், டெயில் ரெண்டையும் நேரா படிக்குதுனு அர்த்தம், அப்ப இந்த வழி உதவாது, டைமர் இன்டரப்ட்ட பிடிச்சு வேற மாதிரி போகணும்.

சீரியல்கேபிள்:
ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன், இதுல நான் பட்டிருக்கேன். மோடம் புரோகிராம் ஓடற டாஸ் பாக்ஸ்ல இத போடவே போடாதீங்க. செகண்டுக்கு 9600 பிட் வேகத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு எழுத்து வருது, சீரியல் போர்ட்ல இருக்கற பழைய 8250 சிப்ல உள்ள வாங்கி வச்சுக்க ஒரு பைட்டுக்குதான் இடம். நேரத்த விட்டுக்குடுத்துட்டு திரும்பி வர்றதுக்குள்ள பத்து இருபது எழுத்து காணாம போயிடும். 90 சதவீதம் இறங்கின ஃபைல் கெட்டுப்போய் ராத்திரி முழுக்க திரும்பத் திரும்ப இறக்கினேன், காரணம் நானே போட்ட டிஎஸ்ஆர்னு தெரிய ரெண்டு நாள் ஆச்சு. 16550ஏ சிப் இருந்தா 16 பைட் பஃபர் இருக்கு, கொஞ்சம் தாங்கும், ஆனாலும் நான் போட மாட்டேன்.

மெமரிமேப்:
இன்னைக்கு வர்ச்சுவல் மெஷின்ல டாஸ் ஓட்டறவங்களும் இத கவனிக்கணும். வெறும் பிராம்ப்ட்ல நின்னாலே ஒரு கோர் 100 சதவீதம், ஃபேன் கத்தும், நோய் அதேதான். இலவச டாஸான ஃப்ரீடாஸ்ல கான்ஃபிக் ஃபைல்ல ஐடில்ஹால்ட்=1 போட்டா சும்மா இருக்கும்போது எச்எல்டி இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டி அடுத்த இன்டரப்ட் வர்ற வரைக்கும் சிபியு தூங்கும்.

பழையபெட்டி:
எண்ணிப் பாத்தேன் ஹெக்ஸ்டம்ப் அண்ணா, நீங்க சொன்னதேதான்! ஒரு டிக்குக்குள்ள கீ எத்தன தடவை கேக்குதோ மணியும் அத்தன தடவை கேக்குது, ரெண்டு நம்பரும் ஒண்ணாவே ஏறுது. அந்த கவுண்டரையே கொஞ்சம் மாத்தி, மணி கேக்கறத வேலைனு கணக்குல எடுக்காம, டிக்குக்கு 20 தடவைக்கு மேல வெறும் கையோட திரும்பினா 1680 கூப்பிடுனு எழுதினேன். ஸ்ப்ரெட்ஷீட் 42 செகண்ட்ல முடிஞ்சுது, நம்பாம மூணு தடவை ஓட்டிப் பாத்தேன்.

ஆனா முதல் நாள் ஃபைல் சேக்கறது ரொம்ப மெதுவாயிடுச்சு. தேடினா, ஒவ்வொரு வரி படிச்சதும் யாராவது எஸ்கேப் அழுத்தினாங்களானு அது கீபோர்ட பாக்குது, அதையும் என் டிஎஸ்ஆர் சும்மா இருக்குனு நினைச்சுக்கிச்சு. இப்ப ஐஎன்டி 21-ல ஃபைல் படிக்கற 3எஃப், எழுதற 40 ரெண்டுல எது வந்தாலும் கவுண்டர பூஜ்யம் ஆக்கிடறேன், பழைய வேகம் திரும்ப வந்துடுச்சு. மெமரில மொத்தம் 1 கேபி கூட பிடிக்கல. சீரியல்கேபிள் சொன்னதுக்காக, அந்த கணக்கு புரோகிராம் ஓடற டாஸ் பாக்ஸ்ல மட்டும் லோடாகற மாதிரி பேட்ச் ஃபைல்ல போட்டு பிஃப்ப அதுக்கு திருப்பிட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி, பிரிண்ட் பண்ணும்போது ஐஎன்டி 17 வழியா போகுது, அதுக்கும் கவுண்டர பூஜ்யம் ஆக்கணுமா இல்ல விட்டுடலாமா?

ஹெக்ஸ்டம்ப்:
ஆக்கிடுங்க. ஐஎன்டி 17 வந்தாலே அது நிஜமான வேலைதான். ஆனா ஏஎச்-ல 02 வந்தா மட்டும் விட்டுடுங்க, அது பிரிண்டர் ரெடியானு கேக்கறது, பிரிண்டர் ஆஃப்ல இருந்தா அதையும் லூப் போட்டு கேட்டுக்கிட்டே இருக்கும்.