தலைமை நிர்வாகி இல்லாமல் இயக்குநர் குழு தனியே கூடலாமா?

பீனிக்ஸ் கணக்காளர்:
நான் அங்கம் வகிக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள முதியோர் நலத் தொண்டு நிறுவனத்தில், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தலைமை நிர்வாகியை வெளியே அனுப்பிவிட்டு இயக்குநர்கள் மட்டும் பேச வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்துள்ளது. நான் இதை எதிர்க்கிறேன். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி நிர்வாகப் பொறுப்பு இயக்குநர் குழுவுடையதுதான். ஆனால் ஆண்டுக்குச் சில முறை கூடுகிற நாம், அன்றாடப் பணியை ஒருவரை நம்பி ஒப்படைத்துவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுவது அந்த நம்பிக்கையையே அரித்துவிடும். சென்ற காலாண்டில் எதிர்பார்த்த நன்கொடை ஒன்று கைநழுவியபோது, நிர்வாகி கூட்டம் வரை காத்திராமல் அன்று மாலையே தலைவரை அழைத்துச் சொன்னார். அதனால்தான் வேன் ஓட்டுநர்களின் சம்பளம் தடைபடவில்லை. சந்தேகப்படுகிறவர்களிடம் யாரும் அப்படி ஓடி வந்து சொல்ல மாட்டார்கள்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை:
ஐயா, நல்ல நிர்வாகியை மட்டும் மனத்தில் வைத்து விதியை எழுத முடியாது. நம் முன்னோர் கரும்பு வெட்டிய இதே மாகாணத்தில் டோங்காட் ஹியூலெட் என்ற சர்க்கரை நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நிலவிற்பனை வருமானம் உரிய காலத்துக்கு முன்பே கணக்கில் ஏற்றப்பட்டிருந்தது 2019இல் வெளிவந்தது. 2022இல் நிறுவனம், நொடியும் நிறுவனங்களைக் காப்பாற்றுவதற்கான சட்டபூர்வ மீட்பு நடவடிக்கைக்குள் சென்றது. கரும்பு விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் பட்ட கலக்கத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அங்கே குறைந்தது நம்பிக்கை அல்ல, கேள்வி. நிர்வாகியின் எதிரில் கேட்கத் தயங்கும் கேள்வியை ஓர் இயக்குநர் வேறெங்கே கேட்பார்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
தென்னாப்பிரிக்க நிறுவனங்களுக்கான நல்லாட்சி நெறிகளைச் சொல்லும், 2016இல் வெளியான நான்காம் கிங் அறிக்கையை இருவரும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தலைமை நிர்வாகியே குழுத் தலைவராக இருக்கக் கூடாது; ஓய்வுபெற்ற நிர்வாகி மூன்று முழு ஆண்டுகள் கழியும் வரை தலைவராக வரக் கூடாது; ஒப்படைக்கும் அதிகாரம் எது என்பதில் தெளிவு வேண்டும் என்கிறது அது. என் அனுபவத்தில் உறவு கெடுவது தனிக் கூட்டத்தால் அல்ல. தலைவர் நிர்வாகியைத் தாண்டிக் கணக்குப் பிரிவு ஊழியரை நேரடியாக அழைத்து, "இந்தக் காசோலையை நிறுத்துங்கள்" என்று சொல்லும்போதுதான் அது கெடுகிறது. எவ்வளவு ராண்ட் வரை நிர்வாகியே முடிவெடுக்கலாம், எதற்குக் குழுவின் ஒப்புதல் தேவை என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை:
அதை ஏற்கிறேன். அதோடு, தனிக் கூட்டம் ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும். திடீரென்று கூட்டினால்தான் அது விசாரணை போலத் தெரியும்.

பீனிக்ஸ் கணக்காளர்:
நிரந்தரமாக வைப்பதானால், அங்கே பேசியதைத் தலைவர் அன்றைக்கே நிர்வாகியிடம் நேரில் சொல்ல வேண்டும், ஊதியம் பற்றிய பேச்சைத் தவிர. அந்த ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்த்தால் என் எதிர்ப்பைக் கைவிடுவேன். சேர்க்காவிட்டால் எதிர்த்தே வாக்களிப்பேன்.