செரோமா, குவில்ட்டிங் தையல்: இரண்டு சொற்கள் பற்றி

அன்பர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின்பின் தோலின் கீழ் நீர் சேராமலிருக்கப் போடப்படும் குவில்ட்டிங் தையலுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். வாகரையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வந்துபோகும் பெண்கள் படித்து விளங்கவேண்டிய சொல் இது என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் செரோமா, அதாவது இப்படித் தோலின் கீழ் சேரும் நீர். அதற்குத் தமிழாக உங்களில் ஒருவர் முன்மொழிந்த 'நிணநீர்க் கட்டி' எனக்கு உடன்பாடில்லை. கட்டியை அகற்றுவதற்காகத்தான் அந்தப் பெண் சத்திரசிகிச்சைக்கே உடன்பட்டார். சில வாரங்கள் கழித்துக் கிளினிக்கில் மறுபடியும் 'கட்டி' என்று காதில் விழுந்தால், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் அல்லது ஊசியால் உறிஞ்சி எடுக்கக்கூடிய ஒன்றுக்காக அவர் உறக்கத்தைத் தொலைப்பார். 'நிணநீர்த் தேக்கம்' என்பதும் சரிவராது. கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் கை வீங்குவதை நிணநீர் வீக்கம் என்கிறோம். இரண்டும் வேறு, இரண்டும் குழம்பும். மேலும், சேரும் நீர் நிணநீர் மட்டுமன்று. காயம் ஆறும்போது கசியும் அழற்சி நீரும் அதில் உண்டு. வெறும் 'நீர்த்தேக்கம்' என்றால் எங்கள் பக்கத்தில் உன்னிச்சைக் குளமும் சேனாநாயக்க சமுத்திரமும்தான் நினைவுக்கு வரும். 'நீர்க்கோவை' நல்ல சொல்தான், ஆனால் சித்த வைத்தியம் அதைத் தடிமனுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே 'தோலடி நீர்ச்சேர்வு' என்பேன். இரத்தம் சேர்ந்தால் குருதிச்சேர்வு, சீழ் பிடித்தால் சீழ்ச்சேர்வு என்று அதே அச்சில் மற்றச் சொற்களும் அமையும்.

இனித் தையல். மார்பகத்தை அகற்றியதும் மேலே தோல்மடலும் (காயத்தை மூடுவதற்காக விடப்பட்ட தோல்) கீழே பெரிய மார்புத்தசையும் ஒட்டாமல் கிடக்கின்றன. நடுவிலுள்ள வெறுமையான இடத்தில்தான் நீர் சேர்கிறது. டிரெயின் குழாய் சேர்ந்த நீரை வெளியேற்றுமே தவிர இடத்தை ஒழிக்காது. இந்தத் தையலோ மடலின் அடிப்பக்கத்தைத் தசையுறையோடு, உடலில் தானே கரையும் நூலால், வரிசை வரிசையாகச் சில சென்ரிமீற்றர் இடைவிட்டுப் பிடித்துவிடுகிறது. எண்ணம் புதிதன்று, அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்டெட் 1913 இலேயே தோல்மடலை மார்புச்சுவரோடு தைத்து இடைவெளியை ஒழிப்பதைப் பற்றி எழுதினார்.

'மெத்தைத் தையல்' என்று பரிந்துரைத்தவர், அப்பெயர் தோலின் விளிம்புகளைச் சேர்க்கும் வேறொரு தையலுக்கு ஏற்கெனவே வழங்குவதைக் கவனிக்கவில்லை போலும். எங்கள் ஊர்த் தையற்காரர் சட்டைக்கு லைனிங் வைக்கும்போது, மேற்றுணி உப்பாமல் உட்துணியோடு 'படிய வேணும்' என்பார். இந்தத் தையலின் வேலையும் அதுவே. எனவே 'படிதையல்' என்பது என் முன்மொழிவு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. படிக்கட்டு நினைவுக்கு வரும் என்று ஒருவர் மறுக்கலாம். 'தோல்மடல் படிதையல்' என்று முழுதாக எழுதினால் அந்த ஐயம் எழாது.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்கவேண்டும். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, மடலைத் தைத்துப் பொருத்துவதையும் இழையப் பசையால் ஒட்டுவதையும் வழமையாக மூடுவதையும் ஒப்பிட்டது. ஆகவே தையலுக்கும் பசைக்கும் பொதுவான பெயர் 'மடல் பொருத்தல்'. படிதையல் அதன் ஒரு வகை. மடலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள அந்த வெறுமையான இடத்தை ஆங்கிலத்தில் dead space என்பர்; 'இறந்த வெளி' என்ற அதன் நேர்ப்பெயர்ப்பு நோயாளியின் கையில் போகும் தாளில் வேண்டவே வேண்டாம், 'இடைவெளி' போதும்.

தாளில் இடத்தக்க வாசகம்: "உங்கள் தோல் உள்ளே தசையோடு படிதையலால் பிடிக்கப்பட்டுள்ளது. அங்கங்கே சிறு குழிகள் தெரியலாம். நூல் கரையக் கரைய அவை பெரும்பாலும் மறையும். தையல் போட்டிருந்தாலும் நீர்ச்சேர்வு ஏற்படலாம். வீக்கம் கூடினால், சிவந்து சூடாக இருந்தால் அல்லது காய்ச்சல் வந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்." இதில் 'பிடிக்கப்பட்டுள்ளது' என்பதைவிட எளிய வினை யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.