மெயில் மெர்ஜ்: ஒரே கடிதம் மூன்று கணினியில் மூன்று விதமாக வருகிறது, உதவி வேண்டும்

கேட்டவர்

வணக்கம். நான் ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். தணிக்கைக்காக உறுப்பினர்கள் 640 பேருக்கும் மெயில் மெர்ஜ் முறையில், அதாவது ஒவ்வொருவர் விவரமும் பட்டியலிலிருந்து தானாக வந்து சேரும்படி, இருப்பு உறுதிக் கடிதம் அனுப்ப வேண்டும். 31-03-2025 அன்று அவரவர் பெயரில் சிக்கன சேமிப்பு எவ்வளவு, பங்குத் தொகை எவ்வளவு, கடன் நிலுவை எவ்வளவு என்று அதில் இருக்கும். அவர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார்கள்.

அலுவலகத்தில் நான்கு கணினிகள். ஒன்றில் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்து, மற்ற மூன்றிலும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொடுத்து டிரைவாக மேப் செய்திருக்கிறார்கள். கடிதம் வேர்டில், உறுப்பினர் பட்டியல் எக்செல்லில், இரண்டும் அந்த ஃபோல்டரிலேயே இருக்கின்றன. கடிதத்தைத் தயாரித்தது என் கணினியில். இங்கே எல்லாம் சரியாக வருகிறது. பக்கத்து மேசைக் கணினியில் திறந்தால், எஸ்க்யூஎல் கட்டளை (பட்டியலிலிருந்து தரவை எடுக்கும் கட்டளை) ஓடப்போகிறது, தொடரலாமா என்று கேட்கிறது. ஆம் என்று அழுத்தினால் பட்டியலைக் காணவில்லை என்கிறது.

மூன்றாவது கணினிதான் பயமாக இருக்கிறது. அங்கே எந்தப் பிழையும் காட்டவில்லை. கடிதங்கள் வந்தன, அச்சடித்தோம், 200 கடிதங்களை மடித்து உறையிலும் போட்டுவிட்டோம். தற்செயலாக எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கடிதத்தைப் பார்த்தேன். டிசம்பரிலேயே கடனை முழுக்கக் கட்டி முடித்தவர். கடிதத்தில் அவருக்கு நிலுவை இருக்கிறது! இன்னும் பத்துக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தேன். பெயர், பணியிடம் எல்லாம் சரி, தொகைதான் தப்பு.

இது போக, கடன் கொடுத்த தேதி 05-07-2023 என்பது 7/5/2023 என்று வருகிறது. சிலருக்கு உறுப்பினர் எண்ணே வரவில்லை. இந்த இரண்டும் என் கணினியிலும் உண்டு. என்ன செய்வது?

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்

மேடம், முதலில் அந்த 200 உறைகளைத் தபாலில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். காரணம் தெரியும் வரை ஒன்றுகூடப் போக வேண்டாம்.

மெயில் மெர்ஜ் கடிதத்துக்குள் உறுப்பினர் பட்டியல் இருக்காது, பட்டியல் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும். நீங்கள் இசட் டிரைவ் வழியாகப் போய்ப் பட்டியலைத் தேர்ந்தெடுத்திருந்தால், 'இசட் டிரைவில் இன்ன ஃபோல்டரில் இன்ன ஃபைல்' என்றுதான் வேர்டு எழுதி வைக்கும். ஆனால் இசட் என்பது உங்கள் கணினி வைத்துக்கொண்ட செல்லப்பெயர். பக்கத்துக் கணினியில் அதே ஃபோல்டருக்கு வேறு எழுத்து இருக்கலாம். வேறு ஃபோல்டருக்கு இசட் என்று பெயர் இருக்கலாம், அது இன்னும் மோசம்.

எல்லாக் கணினியிலும் கமாண்ட் ப்ராம்ப்ட் (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து 'நெட் யூஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எந்த எழுத்து எந்த ஷேருக்குப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். அதை எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது கணினியில் வேர்டு ஃபைலை எங்கிருந்து திறந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன் சார். என் கணினியில் அந்த ஃபோல்டர் இசட். பக்கத்து மேசையில் அதுவே ஒய். மூன்றாவதில் இசட் இருக்கிறது, ஆனால் அது பேக்கப் ஃபோல்டருக்குப் போகிறது. போன வருடம் கணினி பழுதானபோது சரிசெய்ய வந்தவர் அப்படி மேப் செய்து கொடுத்தாராம். அதற்குள் அதே பெயரில் ஃபோல்டர், அதே பெயரில் எக்செல் ஃபைல். திறந்து பார்த்தால் 31-03-2024 நிலவரம்!

வேர்டு ஃபைலை மட்டும் சக ஊழியர் என்னிடம் பென் டிரைவில் வாங்கி அவருடைய டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்

அதுதான் விஷயம். கடிதம் புதுசு, முகவரியும் நீங்கள் எழுதியதுதான். அவருடைய கணினியில் அந்த முகவரியில் குடியிருப்பது பழைய பட்டியல். வேர்டைப் பொறுத்தவரை எல்லாம் சரி, அதனால் பிழை காட்ட அதற்குக் காரணமே இல்லை.

டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். கடிதத்தைத் திறந்து, மெயிலிங்ஸ் பட்டையில் பெறுநர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போய், ஏற்கெனவே உள்ள பட்டியல் என்பதை அழுத்துங்கள். ஃபைல் பெயர் கேட்கும் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு (\\) போட்டு, ஷேர் இருக்கும் கணினியின் பெயர், ஒரு கோடு, ஷேர் பெயர், ஒரு கோடு, உள்ளே ஃபோல்டர் இருந்தால் அதன் பெயர், ஒரு கோடு, ஃபைல் பெயர் என்று முழுதாக அடியுங்கள். இது எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தைத்தான் குறிக்கும். கணினியின் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டுவிடாதீர்கள். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண் என்றால் அது ஒருநாள் மாறிவிடும்.

பிறகு சேமியுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் நகல்களை அழித்துவிட்டு, எல்லோரும் ஷேரில் இருக்கும் ஒரே கடிதத்தைத் திறக்கட்டும். மூன்றாவது கணினியின் இசட்டை இன்றைக்கே துண்டித்துவிடுங்கள். பேக்கப் என்பது அன்றாட வேலையில் கைபடும் இடத்தில் இருக்கவே கூடாது.

பள்ளி அலுவலக உதவியாளர்

அந்த எஸ்க்யூஎல் கேள்வியை, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி நிறுத்தலாம். எங்கள் அலுவலகத்தில் செய்திருக்கிறோம், தொல்லை இல்லை.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்

நிறுத்த முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு வேர்டு ஃபைல் உங்களைக் கேட்காமல் எங்கோ போய்த் தரவை எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆம் என்று அழுத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் யாரும் 'இல்லை' என்று அழுத்திவிட்டுக் கடிதத்தைச் சேமித்துவிடக் கூடாது. பட்டியலோடு இருக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஷேரில் இருக்கும் கடிதம் என்பதால் எல்லோருக்கும் அறுந்துவிடும்.

ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்

அம்மா, ஒரு கேள்வி. கடிதத்தில் '31-03-2025 அன்றுள்ளபடி' என்று இருக்கிறதே, அந்தத் தேதி வேர்டில் நீங்கள் தட்டச்சு செய்ததா, பட்டியலிலிருந்து வருவதா?

கேட்டவர்

நான் தட்டச்சு செய்ததுதான் ஐயா.

ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்

அதனால்தான் உறையில் போடும் வரை யாருக்கும் தெரியவில்லை. போன வருடத் தொகைக்கு மேலே இந்த வருடத் தேதி உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிறவர் என்ன செய்வார்? எக்செல்லில் 'நிலவரத் தேதி' என்று ஒரு பத்தி சேருங்கள், எல்லா வரியிலும் அதே தேதியை நிரப்புங்கள், கடிதத்தில் தட்டச்சு செய்ததை எடுத்துவிட்டு அந்தப் பத்தியை வையுங்கள். பழைய பட்டியலிலிருந்து தொகை வந்தால் பழைய தேதியும் கூடவே வரும். பழைய பட்டியலில் அந்தப் பத்தியே இல்லையென்றால் வேர்டு நின்று கேட்கும். எப்படியானாலும் முதல் கடிதத்திலேயே பிடித்துவிடலாம்.

இருப்பு உறுதிக் கடிதம் சாதாரணக் கடிதம் இல்லை அம்மா. கடனை அடைத்தவருக்கு நிலுவை என்று ஒரு தாள் போனால் அந்த வீட்டில் அன்று இரவு யாரும் தூங்க மாட்டார்கள். அச்சடித்த பிறகு கடன் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கங்கே இருபது கடிதமாவது ஒத்துப் பாருங்கள். எக்செல்லின் மொத்தத் தொகையும் பேரேட்டின் மொத்தமும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

பள்ளி அலுவலக உதவியாளர்

தேதிப் பிரச்சினை எங்களுக்கும் வந்தது. எக்செல்லில் நீங்கள் பார்க்கும் வடிவம் வேர்டுக்கு வராது, உள்ளே இருக்கும் மதிப்புதான் வரும். அது அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வந்து நிற்கும். தொகையிலும் இப்படித்தான், 15432.30 என்பது சில சமயம் 15432.299999 என்று வால் நீண்டு வரும்.

கடிதத்தில் ஆல்ட், எஃப்9 சேர்த்து அழுத்தினால் ஃபீல்டுகளின் (பட்டியலிலிருந்து விவரம் வந்து சேரும் இடங்களின்) உட்பக்கம் தெரியும். தேதி ஃபீல்டின் அடைப்புக்குள் கடைசியில் \@ போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் இரண்டு டி, சிறுகோடு, இரண்டு எம், சிறுகோடு, நான்கு ஒய் என்று அடியுங்கள். எம் மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எம் என்றால் நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். மறுபடி ஆல்ட், எஃப்9 அழுத்திப் பழைய நிலைக்கு வாருங்கள்.

தொகைக்கு நான் எக்செல்லிலேயே டெக்ஸ்ட் ஃபங்ஷன் போட்டு எழுத்து வடிவில் இன்னொரு பத்தி வைத்துக்கொள்வேன். கடிதத்தில் அந்தப் பத்தி. தேதிக்கும் அப்படியே செய்யலாம்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்

உறுப்பினர் எண் விட்டுப்போவதற்கு நான் ஒன்று கேட்கிறேன். சில எண்களில் எழுத்தும் கலந்திருக்கிறதா?

கேட்டவர்

ஆமாம் சார்! வேறு சங்கத்திலிருந்து மாறுதலில் வந்தவர்களுக்கு 'மா-12' என்பது போல இருக்கும். விட்டுப்போனது எல்லாம் அவர்களுடையதுதான்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்

பட்டியலைப் படிக்கும்போது முதல் எட்டு வரிகளைப் பார்த்துத்தான் ஒரு பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்று முடிவு செய்யப்படுகிறது. உங்கள் பட்டியலில் முதல் எட்டுப் பேருக்கும் வெறும் எண். அதனால் பத்தி முழுக்க எண் என்று முடிவாகி, பின்னால் வரும் 'மா-12' கழிந்துவிடுகிறது. செல் வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே அடித்த எண்கள் எண்ணாகவே இருக்கும். பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, சமக்குறி, பழைய செல், & குறி, காலியான இரட்டை மேற்கோள் என்று கொடுத்து இழுத்துவிடுங்கள். எல்லாம் எழுத்தாகிவிடும்.

அப்புறம், மெர்ஜ் செய்யும்போது எக்செல்லை யாரும் திறந்து வைத்திருக்க வேண்டாம். சேமிக்காத மாற்றம் கடிதத்துக்கு வராது, சில சமயம் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மெர்ஜே நின்றுவிடும்.

கேட்டவர்

முடிந்தது. முழு முகவரி கொடுத்த பிறகு மூன்று கணினியிலும் ஒரே தொகை வருகிறது. தேதியும் உறுப்பினர் எண்ணும் சரியாகிவிட்டன. சோதனைக்காக மூன்றாவது கணினியில் இசட்டைத் துண்டிப்பதற்கு முன், கடிதத்தின் ஒரு நகலில் பழைய பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன். நிலவரத் தேதிப் பத்தி இல்லை என்று வேர்டு உடனே கேட்டது. ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

எக்செல் மொத்தத்தையும் பேரேட்டையும் வைத்துப் பார்த்தோம், கடன் நிலுவையில் ஓர் இடம் ஒத்துவரவில்லை. மார்ச் 29-ல் ஒருவர் கட்டிய தவணை பட்டியலில் ஏறாமல் இருந்தது. ஏற்றினோம். செயலரிடம் சொல்லி 200 பழைய கடிதங்களையும் எண்ணிக் கிழித்தாயிற்று. புதிதாக அச்சடித்த 640-ல் 639 கடிதங்கள் நாளைக் காலைத் தபாலில் போகின்றன. அந்த அக்காவின் கடிதத்தை மட்டும் இன்று மாலை நானே கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடன் நிலுவை: இல்லை.