2019-ல போர்ட் பண்ண நம்பருக்கு இப்ப வக்கீல் நோட்டீஸ், கட்டணுமா?

வணக்கம்ங்க. அப்பா பேர்ல ஒரு போஸ்ட்பெய்டு நம்பர் இருந்துச்சு, 2019 மார்ச்ல 1900-க்கு மெசேஜ் அனுப்பி வேற கம்பெனிக்கு மாத்திட்டோம். கடைசி பில்ல திருச்சி தில்லைநகர் ஷோரூம்ல நானும் அப்பாவும் வரிசைல நின்னு கட்டினோம். இப்ப ஆறு வருஷம் கழிச்சு சென்னை வக்கீல் ஆபீஸ்னு ஒரு தபால், 2,847 ரூபா பாக்கி, 7 நாள்ல கட்டலன்னா சட்ட நடவடிக்கைன்னு. எந்த மாசத்து பில்லுன்னு இல்ல, பில் நம்பர் இல்ல, கையெழுத்தே பிரிண்ட்லதான் இருக்கு. மறுநாள்ல இருந்து ஒரு பையன் தினம் போன் பண்றான், "ஐயா இன்னைக்கு ஆயிரம் கட்டிடுங்க, மீதிய தள்ளுபடி பண்ணிடறோம், இல்லன்னா வீட்டுக்கு போலீஸ் வரும்"னு. அப்பாவுக்கு 71 வயசு, பிபி மாத்திர போடறவரு, கேட் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு வாசல எட்டிப் பாக்கறாரு. அம்மா கட்டி தொலைச்சிடலாம்ங்கறாங்க. கட்டின காசையே மறுபடி கட்ட எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்?

காவிரிக்கரை:
மொதல்ல அப்பாட்ட சொல்லுங்க, பில் பாக்கி சிவில் விஷயம், இதுக்கு போலீஸ் வராது. வக்கீல் நோட்டீஸ் கோர்ட் சம்மன் கிடையாது. போன்ல எதையும் ஒத்துக்க வேணாம், வாட்ஸப்ல லிங்க் வந்தா தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, பாக்கி இருந்திருந்தா அப்பவே போர்ட்ட ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. அதனால இது போர்ட் ஆன பிறகு போட்ட கடைசி சில நாள் பில்லாதான் இருக்கும், அது பழைய அட்ரஸுக்கோ மெயிலுக்கோ போயிருக்கும். டெபாசிட் கட்டியிருந்தீங்களா? அத கழிச்சாங்களான்னு கேளுங்க.

சட்டம்படிச்சவன்:
மேல சொன்னது சரி. கடன வசூலிக்க கேஸ் போட லிமிடேஷன் சட்டம் 1963 படி மூணு வருஷம்தான். கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட் 15.3.2020-ல இருந்து 28.2.2022 வரைக்கும் கணக்குல சேக்காதன்னு சொன்னத கழிச்சுப் பாத்தாலும் அவங்க கேஸ் போடற கெடு 2024-லயே முடிஞ்சு போச்சு. ஆனா "இத்தன நாள்ல கட்டிடறேன்"னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்துடாதீங்க, காண்ட்ராக்ட் சட்டம் 25(3) படி காலாவதியான கடனுக்கும் அது உயிர் குடுத்துடும். சிலருக்கு லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸும் வருது. சாதாரண லோக் அதாலத்ல ரெண்டு பேரும் சம்மதிச்சாதான் தீர்வு, நிரந்தர லோக் அதாலத்னா அவங்களே தீர்ப்பு சொல்லலாம், போன் சர்வீஸ் அதுல வரும், அதனால நோட்டீஸ்ல எதுன்னு பாத்துட்டு பதில் போடுங்க.

வங்கிக்காரி:
அப்பா பேர்ல சிபில் ரிப்போர்ட் (கடன், பாக்கி விவரமெல்லாம் இருக்கற ரிப்போர்ட்) ஒண்ணு எடுத்துப் பாருங்க தம்பி, வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீ. அதுல இந்த பாக்கி ஏறியிருந்தா அங்கயே டிஸ்ப்யூட் போடுங்க, காசு கிடையாது. இந்த ஆயிரம் ரூபா பேரத்துக்கு மட்டும் போகாதீங்க, முழுசா கட்டாம பேசி முடிச்சதா "செட்டில்டு"னு அதுல ஏத்திட்டா அப்புறம் லோன் கேக்கறப்ப அதப் பத்தி கேப்பாங்க.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பீரோல தேடி பழைய பாஸ்புக் எடுத்தேன், 2019 மார்ச்ல கார்டுல கட்டின 1,036 ரூபா என்ட்ரி அப்படியே இருக்கு, மை மங்கிடுச்சு ஆனா படிக்க முடியுது. டெபாசிட் 500 கட்டின ரசீதும் அதே கவர்ல இருந்துச்சு. ரெண்டையும் போட்டோ எடுத்து கம்பெனிக்கு கம்ப்ளைன்ட் போட்டு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கிட்டேன். பாக்கின்னு எதையும் ஒத்துக்கல, எந்த மாசத்து பில்லுன்னு காட்டுங்க, டெபாசிட் என்னாச்சுன்னு மட்டும் கேட்டிருக்கேன்.

காவிரிக்கரை:
சூப்பர். சரியான பதில் வரலன்னா அதே கம்பெனியோட அப்பலேட் அத்தாரிட்டிக்கு (மேல்முறையீடு பாக்கறவங்க) போங்க, பீஸ் கிடையாது. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனி ஆளோட புகார எடுக்காது, அங்க எழுதி நாள வீணாக்காதீங்க. அப்பவும் ஆகலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் கோர்ட்டும் இருக்கு, டெலிகாம் கேஸ அங்க எடுக்கலாம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. பாக்கி இல்லன்னு அவங்க ஒத்துக்கிட்டா லெட்டர்ல வாங்குங்க, வாய்ல சொன்னா விடாதீங்க.

கேட்டவர்:
இன்னைக்கு காலைல அந்த பையன் மறுபடி கூப்டான். அப்பாவே எடுத்து "தம்பி, பில்ல அனுப்புங்க, பாத்துட்டு பேசலாம்"னு சொல்லி வெச்சுட்டாரு. மத்தியானம் ஒழுங்கா சாப்பிட்டாரு. கம்பெனி பதில் வந்ததும் இங்கயே போடறேன்.