பொத்தானை அமுக்கியது நீதானே?

கதைகள் தங்களை என்ன செய்தன என்று மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை இவை.

கடலூர் முதுநகரிலிருந்து:

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேம் 2013இல் வந்தது. நான் ஆடியது அடுத்த வருடம், டிவியில் மாட்டி ஆடும் பிஎஸ்4 பெட்டியில். ஹால் டிவியை நான் பிடித்துக்கொண்டதால் என் ஆயாவுக்கு (பாட்டிக்கு) சீரியல் போச்சு. வேறு வழியில்லாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என் கதையைப் பார்க்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் புரியாது. ஆனால் கதாநாயகன் ஜோயல் மகளைப் பறிகொடுத்தவன், கூட வரும் சிறுமி எல்லியைத்தான் மகளாக நினைக்கிறான் என்பது மூன்றாம் நாளே பிடிபட்டுவிட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரி. உலகையே சாய்த்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க, அது தாக்காத எல்லியின் மூளையை அறுக்கப் போகிறார்கள், அவள் பிழைக்கமாட்டாள். டாக்டர் கத்தியோடு நிற்கிறார். அவரை விட்டுவிட வழி இருக்கிறதா என்று அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கிடையாது, கொன்றால்தான் கதை நகரும். சுட்டேன்.

“ஏன்டா சுட்ட?”

“நான் சுடல ஆயா, கதை அப்படி.”

“பொத்தான அமுக்கினது நீதானே? அந்த டாக்டருக்குப் புள்ளகுட்டி இருக்காதா?”

இருந்தது! 2020 ஊரடங்கில் வந்த இரண்டாம் பாகத்தில் டாக்டரின் மகள்தான் பழிவாங்க வருகிறாள். ஏறக்குறையப் பாதி ஆட்டத்தை நாம் அவளாகவே ஆட வேண்டும். நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை, ஆயா ஆறு வருடம் முன்பே கேட்டுவிட்டாரே.

அவர் திரௌபதி அம்மன் கோவில் கூத்து பார்த்து வளர்ந்தவர். துரியோதனன் சாவான் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும்போது அவனுக்காகவும் அழுவார். கதை முடிவை முன்கூட்டியே உடைத்து ஸ்பாய்லர் சொன்னதற்காக நண்பனோடு பேசாமல் இருந்த ஆள் நான்.

புதுச்சேரியிலிருந்து:

முதுநகர்க்காரரே, எங்கள் ஊரில் ‘லைஃப் ஆஃப் பை’ படம் பார்த்தது ஞாபகம் வருகிறது. 2012. தாவரவியல் பூங்கா திரையில் வந்ததும் ஒரே விசில், “டேய், நம்ம பார்க்குடா!” அந்த ஆட்டமெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. கப்பல் மூழ்கியதில் பிழைத்த நாயகன் பை, தான் தப்பியதை இரண்டு விதமாகச் சொல்கிறான்: புலியோடு ஒரு கதை, புலியே இல்லாத கொடூரமான கதை இன்னொன்று. எது வேண்டும் என்று கேட்கிறான். பார்க்கிங்கில் வண்டியை எடுக்காமல் நாங்கள் நான்கு பேரும் சண்டை. நான் புலிக் கட்சி. ஒருத்தன் மட்டும், “புலின்னு சொன்னா நிம்மதியா தூங்கலாம், அதான் சொல்ற” என்றான். அன்று ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

பண்ருட்டிப் பக்கமிருந்து:

பெரிய கதைக்கு நடுவே ஒரு பொடிக் கதை. சுட்டி டிவி கார்ட்டூனில் டோரா கேள்வி கேட்டுவிட்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள் இல்லையா? என் அக்கா பையன் தெருமுனை வரை கேட்கும்படி பதில் சொல்வான். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, எங்களுக்கு மூன்று வாரம் கரன்ட் இல்லை. இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் டிவிக்கு முன்னால் எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “பாலம் எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினான். யாரும் பேசவில்லை. அவனும் அசையவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

கடைசியில் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்த என் அப்பாதான் மேலிருந்து கத்தினார்: “உன் பின்னாடிதாண்டா இருக்கு!”