ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளுகிறது, அடுத்த மாதம் ஓட்டுநர் தேர்வு

கேள்வி – ராமமூர்த்தி நகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். காருக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கையில் இருக்கிறது, அடுத்த மாதம் பெங்களூரு கே.ஆர். புரம் ஆர்.டி.ஓ.வில் உரிமத் தேர்வுக்குப் போகவிருக்கிறேன். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் சமதளச் சாலையில் நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, தொங்கு பாலம் எனப்படும் கே.ஆர். புரம் மேம்பாலத்தில் ஏறும்போது, முன்னால் போகிறவர்கள் நின்று நானும் நிற்க நேர்ந்தால், மறுபடி கிளப்புகையில் வண்டி பின்னால் உருளுகிறது, அல்லது என்ஜின் அணைந்துவிடுகிறது. இதே ஏற்றத்தில் பள்ளி வண்டி ஒருமுறைகூட உருண்டதில்லை. 'எச்' போடுவதும், அதாவது 'H' எழுத்து வடிவத் தடத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவதும், அப்படித்தான்; பள்ளி மைதானத்தில் வருகிறது, வேறு இடத்தில் வருவதில்லை. பயிற்சியாளரோ, "தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கவலை வேண்டாம்" என்கிறார். எனக்குத் தேவை உரிமம் மட்டுமல்ல, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமின்றி ஓட்ட வேண்டும். எதைப் பழக வேண்டும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – அல்சூர் வாசகர்

சகோதரி, பள்ளி வண்டி உருளாததற்குக் காரணம், பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருப்பதுதான். வண்டி பின்வாங்கப் போகிறது என்று தெரிந்த கணமே அவர் மெல்ல மிதித்துவிடுவார். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே அடுத்த வகுப்பில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ஏற்றத்தில், இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்து உங்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் கேளுங்கள். உங்கள் கால் எவ்வளவு செய்கிறது, அவர் கால் எவ்வளவு செய்கிறது என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

ஏற்றத்தில் கிளப்பும் முறை இது. கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்து, முதல் கியரைப் போடுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிளட்ச்சைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜினின் சத்தம் கனத்து இறங்கும். பானட்டின் முன்பக்கம் லேசாக எழும்பப் பார்க்கும். அந்த இடத்தில் இடது காலை அப்படியே நிறுத்திவிட வேண்டும், மேலும் விடவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி, வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி ஓரிரு அடி நகர்ந்த பின் கிளட்ச்சை முழுதாக விடலாம். பெரும்பாலானவர்களுக்கு என்ஜின் அணைவது, ஹேண்ட் பிரேக் இறங்கிய பதற்றத்தில் இடது கால் சட்டென்று எழுந்துவிடுவதால்தான். நெரிசலில் காத்திருக்கும்போது மட்டும் ஹாஃப் கிளட்ச்சிலேயே (கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையிலேயே) வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகல் வாடை வரும். அந்த நேரத்துக்குத்தான் ஹேண்ட் பிரேக்.

இது சாலைக்கு மட்டுமான பாடமும் அல்ல. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், தேர்வு பற்றிய 15ஆம் விதியே, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்பக் காட்ட வேண்டும் என்கிறது.

பதில் 2 – பானஸ்வாடி வாசகர்

'எச்' பற்றி மட்டும் சொல்கிறேன். பல பள்ளிகளில் அடையாளம் வைத்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்: பின்பக்கக் கண்ணாடியின் மூலையில், தடத்தின் ஓரம் நட்டிருக்கும் கம்பு தெரிந்ததும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடி, அடுத்த கம்பு தெரிந்ததும் நேராக்கு என்று. வேறு வண்டியில் ஏறினாலோ, இருக்கையை ஒரு பல் முன்னே தள்ளினாலோ அந்த அடையாளம் இடம் மாறிவிடும். அடையாளத்தை விட்டுவிட்டு, பின்சக்கரம் எங்கே போகிறது என்பதைப் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் பார்த்துப் பழகுங்கள். சமதளத்தில் ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் தேவைப்படாது. கிளட்ச்சை வைத்தே நத்தை வேகத்தில் போகலாம். அந்த வேகத்தில் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

"பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இந்த ஊரில், இடப்பக்கம் நுழையும் ஸ்கூட்டரும் திடீரென்று ஒதுங்கும் ஆட்டோவும், நீங்கள் எப்படி உரிமம் வாங்கினீர்கள் என்று பார்த்து நடந்துகொள்வதில்லை. தேர்வில் தவறினாலும் 7 நாள் கழித்து மறுபடி போகலாம்; மூன்று முறையும் தவறினால்தான் 60 நாள் பொறுத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும் என்பதால், அவசரப்பட்டு அடுத்த மாதமே போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தேர்வைச் சில வாரங்கள் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம்: என் கணவர் உரிமம் வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் அமர்ந்தால், எங்கள் சொந்த வண்டியிலேயே சாலையில் பழகலாமா?

பதில் 3 – அல்சூர் வாசகர்

பழகலாம். காருக்கான செல்லத்தக்க உரிமம் உள்ளவர், வண்டியை உடனே நிறுத்த வசதியான இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் வண்டியில் அவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆகவே இரு இருக்கைகளுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் இருந்தால், அவர் கை எப்போதும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதுவே ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கத்தில் பொத்தானாக இருக்கும் வண்டியென்றால், நெரிசலான இடத்துக்கு அதைக் கொண்டுபோகாமல் பள்ளி வண்டியிலேயே தொடருங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பலகை ஒவ்வொரு பக்கமும் 18 சென்டிமீட்டருக்கும், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது. கடையில் விற்கும் சிறிய ஸ்டிக்கர்களில் சில இந்த அளவுக்கு வருவதில்லை, அளந்து பார்த்து வாங்குங்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உங்கள் பகுதியின் உட்தெரு ஏற்றங்களில் பழகிவிட்டு, அங்கே உருளாமல் கிளப்பத் தொடங்கிய பிறகு தொங்கு பாலத்துக்குப் போங்கள்.