ஜப்பான் கோயில்களில் நம் சாமிகள்: கருத்தரங்குக்கு எதை எழுதலாம்?

அரசலாறு:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிற்பம் படிக்கிற மாணவி நான். ஜப்பானியக் கலையில் மதத்தின் தாக்கம் பற்றி வகுப்பில் பேச வேண்டும். தேடினால் கிடைக்கிற வீடியோக்களில் பாதி, "முருகனும் பிள்ளையாரும் தமிழ்நாட்டிலிருந்து ஜப்பானுக்குப் போனார்கள்" என்றே சொல்கின்றன. அப்படி எழுதலாமா? இன்னொரு சந்தேகம். நம் பக்கம் உற்சவர் என்றால் செம்பு, பஞ்சலோகம்தான். அங்கே பெரிய பெரிய சிலைகள்கூட மரத்தில் இருக்கின்றனவே, ஏன்? வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வண்டல்மண்:
தங்கச்சி, சுவாமிமலையில் மெழுகுக் கரு பிடிக்கிற வேலை எனக்கு. ஜப்பான் சிற்பம் என் பல வருஷத்துப் பைத்தியம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வழியைச் சரியாகப் பிடித்துக்கொள். ஜப்பானில் ஆதியிலிருந்து இருந்த ஷின்டோ வழிபாட்டில் சாமிக்கு உருவம் கிடையாது. மலை, மரம், பாறை, அருவி, இல்லை கோயிலுக்குள் வைத்த ஒரு கண்ணாடி, இவற்றில் சாமி இறங்கி இருப்பதாக நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே நாட்டு அரசர் ஜப்பான் அரசவைக்குப் புத்தர் சிலையும் சூத்திர ஏடுகளும் அனுப்பினார். 538 என்று ஒரு கணக்கு, 552 என்று ஒரு கணக்கு. ஆக, அந்த மண்ணுக்குப் பௌத்தம் வந்து இறங்கியபோதே ஒரு வார்ப்புச் சிலையையும் கையோடு கொண்டுவந்தது. 623இல் தோரி என்ற சிற்பி செய்த ஷாக்கியமுனி இன்றும் நாராவுக்குப் பக்கத்தில் ஹோர்யூஜி கோயிலில் இருக்கிறது. வெண்கலம், மேலே தங்கப்பூச்சு. அதுவும் நம்மைப் போல மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்து உலோகம் ஊற்றிய மெழுகு வார்ப்புதான்! தோரியின் குடும்பமே வெளியிலிருந்து போய்க் குடியேறிய கைவினைக் குடும்பம்.

இப்போது நம் சாமிகள். போனார்கள், அது நிஜம். ஆனால் பௌத்தத்துக்குள் காவல் தெய்வங்களாகச் சேர்ந்து, மத்திய ஆசியா, சீனம், கொரியா என்று பல நூறு வருஷம் நடந்து போனார்கள். "தமிழ்நாட்டிலிருந்து" என்று எழுதாதே, அதற்கு ஆதாரம் இல்லை. கியோட்டோவில் தோஜி கோயிலின் பிரசங்க மண்டபத்தில் 21 சிலைகளை ஒரு மண்டலமாக, அதாவது புத்தர்களும் தெய்வங்களும் அவரவர் இடத்தில் நிற்கிற புனித அமைப்பாக, நிறுத்தியிருக்கிறார்கள். சீனம் போய் 806இல் திரும்பிய கூக்காய் துறவியின் திட்டம் அது, 839இல் நிறைவேறியது. அங்கே பிரம்மா நான்கு முகம் நான்கு கையோடு நான்கு அன்னங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறார். இந்திரன் யானை மேல். நம் ஆகமம் படித்தவர் பார்த்தால் ஒரு நொடியில் அடையாளம் சொல்லிவிடுவார்.

முருகன் அங்கே இடாடென். வேலும் இல்லை, மயிலும் இல்லை. சீனத் தளபதியின் கவசம் போட்ட இளைஞன். கை கூப்பி நிற்பான், வாள் முழங்கைகளின் மேல் குறுக்கே கிடக்கும். தியானத்தைப் பிரதானமாகக் கொண்ட ஜென் என்ற பௌத்தப் பிரிவின் மடங்களில் அவனுக்குச் சமையல்கட்டுப் பக்கம் இடம், சாப்பாட்டுக்கு அவன்தான் காவல். புத்தரின் அஸ்தியைத் திருடிக்கொண்டு ஓடியவனை விரட்டிப் பிடித்தவன் என்று கதை. சுவாமிமலைக்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பிள்ளையார் கதை வேறு மாதிரி. இரண்டு யானைமுக உருவங்கள் கட்டித் தழுவி நிற்கும், பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், பக்தர்கள் பார்க்க முடியாது. அர்ச்சகர் மட்டும் உலோக மூர்த்திக்குச் சூடான எண்ணெய் ஊற்றி வழிபடுவார். நம் தைலக்காப்புதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் உன் பேச்சுக்கு நடுநாயகமாக நான் வைக்கச் சொல்வது கண் திறப்பு. நம் பட்டறையில் எல்லா வேலையும் முடிந்து, அரம் போட்டு, மெருகேற்றிய பிறகும் கண் மட்டும் பாக்கி இருக்கும். நல்ல நேரம் பார்த்து, பூஜை போட்டு, தங்க உளியும் வெள்ளிச் சுத்தியலும் கொண்டு கருவிழியைக் கீறுவோம். அதுவரை அது உலோகம்தான். 752இல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரப் புத்தருக்கு இதே சடங்கு நடந்தது. உளிக்குப் பதில் தூரிகை, மை. வரைந்தவர் போதிசேனர், 736இல் சீனம் வழியாக ஜப்பான் வந்த இந்தியத் துறவி. அந்தத் தூரிகையில் ஒரு நீளமான நீலக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். சிலை செய்யச் சொன்ன பேரரசர் ஷோமு, அப்போது பட்டம் துறந்திருந்தவர், அவரும் கூடியிருந்தவர்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துறவியின் கை கண்ணை எழுதும்போது அத்தனை பேரும் சேர்ந்து எழுதியதாகக் கணக்கு. தூரிகையும் கயிறும் அங்கே ஷோசோயின் பொக்கிஷ அறையில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1180இல் போரில் கோயில் எரிந்து, சிலையைச் சீர்செய்து, 1185இல் மறுபடி கண் திறந்தபோது, பட்டம் துறந்த பேரரசர் கோ-ஷிராகாவா அதே தூரிகையை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பெரிய புத்தரை மெழுகில் வார்க்கவில்லை. களிமண்ணில் முழு உருவம் செய்து, அதன் மேல் வெளி அச்சு எடுத்து, பிறகு உள்மண்ணை உலோகத்தின் கனத்துக்குச் சீவி, அந்த இடுக்கில் செம்பை ஊற்றினார்கள். கீழிருந்து மேலாக எட்டு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் சுற்றிலும் மண்மேடு எழுப்பிக்கொண்டே போனார்கள். வார்ப்பு தெரிந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய வேலை.

உப்பனாறு:
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வார்த்தை. நம் டெல்டாவிலும் பௌத்த வார்ப்பு இருந்ததை விட்டுவிடாதீர்கள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் கட்டினார், அதற்கு ஆனைமங்கலம் ஊரை ராஜராஜன் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. 1856 முதல் இங்கே மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350. தலையில் தீச்சுடர் மாதிரி எழும்பி நிற்கும் உஷ்ணீஷத்தை, அதாவது புத்தரின் உச்சந்தலை முடிப்பை, வைத்தே நாகை வேலை என்று சொல்லிவிடலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாருங்கள். ஆனால் இந்தக் கடல்வழி சுமத்ரா பக்கம் போகிறது. வண்டல்மண் சொன்ன ஜப்பான் வழியோடு இதை முடிச்சுப் போட வேண்டாம்.

அரசலாறு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, மரம் பற்றிக் கேட்டேனே? அப்புறம் ஜென் தோட்டங்கள். கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் வெறும் சரளைக்கல்லும் 15 பாறைகளும்தான். சிலையே இல்லாத இதை மதக் கலை என்று எப்படிச் சொல்வது?

வண்டல்மண்:
மரத்துக்கு வருகிறேன். தோதாய்ஜி புத்தருக்குச் சுமார் 500 டன் செம்பு போனது. ஒரு நாடு அதை அடிக்கடி செய்ய முடியாது. அங்கே மலையெல்லாம் மரம், அதுவும் ஹினோக்கி மாதிரி உளிக்கு இணக்கமான மரம். ஷின்டோவில் மரத்துக்கே புனிதம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள். நடுவில் அரக்கு வேலையும் உண்டு: களிமண் கருவின் மேல் அரக்கில் தோய்த்த துணியைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிடுவார்கள். நாராவின் கோஃபுகுஜி கோயிலில் இருக்கிற அசுரர் 734இல் அப்படிச் செய்தது. மூன்று முகம், ஆறு கை, பூஞ்சையான ஒரு பையனின் உடம்பு, புருவத்தில் லேசான கவலை. அசுரனை இப்படி நினைத்துப் பார்த்த சிற்பியை என்னவென்று சொல்வது!

1052 முதல் தர்மம் தேயும் காலம் தொடங்குகிறது என்று ஜப்பானில் நம்பினார்கள். அமிதாபர் என்ற புத்தரைச் சரணடைந்தால் மேற்குத் திசைச் சொர்க்கம் என்ற பக்தி பரவியது. புத்தர் சிலைக்குத் தேவை கூடிப் போனது. ஜோச்சோ என்ற சிற்பி பல மரத்துண்டுகளை உள்ளே குடைந்து இணைத்துச் செதுக்கும் முறையைத் தேர்ச்சியாக்கினார். ஒரே பட்டறையில் பலர் பங்கு பிரித்து வேலை செய்யலாம், மரம் வெடிக்காது, எடையும் குறைவு. 1053இல் கியோட்டோவுக்குப் பக்கத்தில் உஜியின் பியோதோயின் கோயிலில் அவர் செய்து வைத்த அமிதாபர் அப்படித்தான். 1203இல் உன்கெய், காய்கெய் என்ற சிற்பிகளின் குழு தோதாய்ஜி தெற்கு வாசலின் எட்டு மீட்டருக்கு மேற்பட்ட இரண்டு துவாரபாலகர்களை 69 நாளில் நிறுத்தியதும் இதே முறையில்.

உன்கெய் காலத்துக் கண்ணைக் கவனி. முகத்தை உள்பக்கம் குடைந்து, கண் இருக்கும் இடத்தில் ஓட்டை விட்டு, மெல்லிய படிகத் துண்டை உள்ளிருந்து பொருத்துவார்கள். கருவிழியைப் படிகத்தின் பின்பக்கம் எழுதி, அதற்குப் பின்னால் வெள்ளைக் காகிதமோ பஞ்சோ வைத்து அடைப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் கண் ஈரமாகத் தெரியும். கோஃபுகுஜியில் அசங்கர், வசுபந்து என்ற இந்திய ஆசான்கள் இருவருக்கும் அப்படிக் கண் வைத்திருக்கிறது.

ஜென் பற்றி. அந்த மடங்களிலும் சிலை உண்டு, இடாடெனைச் சொன்னேனே. ஆனால் தியானத்தில் உட்காருவதும் குருவின் நேர் வார்த்தையும்தான் அங்கே பிரதானம். அதனால் கலை மையையும் கல்லையும் தேடிப் போனது. செஷ்ஷு ஓவியம் வரைகிற ஒரு துறவி, 1467இல் சீனம் போய் வந்தவர். அவருடைய 1495ஆம் வருஷத்து நிலக்காட்சி ஒன்றைப் பார். மையைத் தெறித்த மாதிரி நாலு கறை, சில கோடு. முதலில் ஒன்றும் புரியாது. கொஞ்சம் நின்று பார்த்தால் குன்று, கரை, ஒரு படகு. மீதித் தாள் வெறுமனே இருக்கிறது, அதுவும் படத்தில் சேர்த்திதான். ரியோவான்ஜியிலும் திண்ணையில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் 15 பாறையும் ஒருசேரக் கண்ணில் படாது. கும்பிட ஒன்றும் இல்லை, உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது. மதம் அந்தப் பார்வையில் இருக்கிறது என்று தைரியமாக எழுது.

உப்பனாறு:
1868ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரே வளாகத்தில் இருந்த ஷின்டோவையும் பௌத்தத்தையும் ஜப்பானில் அப்போது புதிதாக வந்த மெய்ஜி அரசு ஆணை போட்டுப் பிரித்தது. அந்தச் சூட்டில் எத்தனையோ புத்தர் சிலைகள் உடைபட்டன, எரிந்தன, விலைக்கும் போயின. பழைய கோயில்களைக் காக்க 1897இல் சட்டம் வந்தது. சிலை களவு போன ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது உறைக்கும்.

அரசலாறு:
இதுவும் எனக்குத் தெரியாது. ஐயா, அடுத்து கண் திறப்பு நடக்கும்போது பட்டறைக்கு வந்து பார்க்கலாமா? படம் எடுக்க மாட்டேன், வரைந்துகொள்கிறேன்.

வண்டல்மண்:
தாராளமாக வா. சிலை வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாள் சொல்கிறேன். காலையில் வெள்ளெனவே இருக்கும், முந்தின நாளே ஊருக்கு வந்துவிடு.